இல்லாததை வைத்துச் சமைத்தேன் என்றாயே

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்ததில் எனக்குச் சந்தோஷந்தான். பெண்ணின் படிப்பு, அவள் அப்பாவின் உத்தியோகம், திருச்சியில் நீ பார்த்து வைத்திருக்கிற வாடகை வீடு, அதன் கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறாய். அதெல்லாம் சரி. அதற்குக் கீழே இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய் பார், அவற்றைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்த பாலைக்கூட இறக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் விஷயம், பெண் வீட்டாரிடம் நீ என்னைப் பற்றிப் பெருமை பேசியது. எங்கம்மா இல்லாததை வைத்தே விருந்து சமைப்பாள், யுத்த காலத்தில் கையில் அகப்பட்டதை எல்லாம் அமிர்தமாக்கிப் போட்டாள், அது ஒரு கலை என்று சொன்னாயாம். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்களாம். கல்யாணமானதும் அந்தப் பெண்ணைக் கொஞ்ச காலம் என்னிடம் விட்டு அந்தக் கலையைப் பழக்க வேண்டுமாம். இரண்டாவது விஷயம், அந்தப் பஞ்சத்தில் நம் குடும்பத்துக்கே சோறு போட்டுக் காப்பாற்றியவர் உன் பெரியப்பா என்பதால், மணவறையில் அவரை முன்னால் உட்கார வைத்துப் பாதபூசை செய்ய வேண்டுமாம். அவர் போட்ட சோற்றுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நாம் மனிதர்களா என்று கேட்டிருக்கிறாய்.

உனக்குப் படிப்பு நிறைய வந்திருக்கிறது. கண்தான் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்து நான் எதையும் மறைக்கவில்லை. நீ கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது நீயே ஊரில் கதை சொல்லித் திரிவதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என்னைக் கட்டிக்கொடுத்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து அரும்பாவூர் போகிற வழியில் மழையை நம்பி விதைக்கிற காட்டு ஊர் என்னுடையது. கேழ்வரகு, சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், இவைதான் எங்கள் விளைச்சல். உங்கள் ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் ஏரித் தண்ணீர் பாய்கிற நெல் வயல். அந்த ஏரித் தண்ணீரை இவர்களே வானத்திலிருந்து இறக்கிவிட்டதுபோல் உன் பெரியப்பாவுக்கு ஒரு மிதப்பு. நான் வந்த முதல் வாரமே, கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது, "களி தின்னி வூட்டுப் பொண்ணு. சோறு வடிக்கத் தெரியுமான்னு மொதல்ல கேட்டுக்கங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அண்ணன் சிரித்தால் சிரிப்பது, அண்ணன் இருமினால் செம்பில் தண்ணீர் எடுப்பது, இதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. இதை எழுதும்போது அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். முடித்ததும் அவருக்கும் படித்துக் காட்டப் போகிறேன்.

யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. அரியலூர்க் கடைகளில் அரிசி இருந்த இடத்தில் சோளமும் கோதுமையும் வந்து உட்கார்ந்தன. அதையும் கூப்பன் காட்டி, வரிசையில் நின்று வாங்க வேண்டும். வயல் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்ச நெல்லை சர்க்கார் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. உன் பெரியப்பா அந்த உத்தரவைக் கேட்டுச் சிரித்தார். கள்ளத்தனமாக வாங்கிக்கொண்டு போக ஆள் இருக்கும்போது சர்க்காருக்கு எதற்கு அளப்பது என்பது அவர் நியாயம். அந்தப் போகம் அறுத்த நெல்லை மூட்டை கட்டிக் களத்தில் அடுக்கி, சுற்றிலும் மேலேயும் வைக்கோலை ஏற்றிப் பெரிய போராகப் போட்டுவிட்டார்கள். பார்த்தால் வெறும் வைக்கோல்போர். உள்ளே எங்கள் சோறு.

அதோடு விட்டாரா? வீட்டுப் பெண்கள் அரிசி தின்றால் வெளியே வாசனை போகும், வேலைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள், பேசுவார்கள் என்று ஒரு யோசனை. அதனால் பின்கட்டில் இருந்த எனக்கும் உன் தங்கை பூவாயிக்கும் அரிசி கிடையாது. நாங்கள் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு திரிக்க வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும். அந்த வீட்டிலேயே நெல் இல்லை, பெண்டுகள் கேழ்வரகு திரிக்கிறார்கள் என்று ஊர் சொல்ல வேண்டும். எங்கள் பட்டினிதான் அவருக்குச் சாட்சி. உன் பெரியம்மா உள்ளே வடித்த சோற்றை, கதவைச் சாத்திக்கொண்டு உள்கூடத்தில் ஆண்கள் நெய் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அந்தப் பந்தியில் உன் அப்பாவும் இருந்தார். திருச்சி ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் நீயும் இருந்தாய். பெரியப்பா சோறு போட்டார் என்கிறாயே, அது பொய்யில்லை. உனக்குப் போட்டார்.

உன் பெரியம்மா காலையில் சாவியை எடுத்துவந்து அரங்கைத் திறப்பார். அரங்கு என்றால் தானியம் வைக்கிற அந்த இருட்டறை. அன்றைக்கு எங்களுக்கு என்னவென்று அவர் கைக்கு வந்ததை முறத்தில் போடுவார். ஒரு நாள் கேழ்வரகு, ஒரு நாள் வண்டு துளைத்த சோளம், ஒரு நாள் கூப்பன் கோதுமை. கோதுமையை எப்படிச் சமைப்பது என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? அரிசி மாதிரி உலையில் போட்டோம். மத்தியானம் வரைக்கும் கொதித்தும் பாசிமணி மாதிரித் தனித்தனியாக நின்றது. பூவாயி ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பினாள். மறுநாள் நான் அதை வறுத்து, திருகையில் உடைத்து, வெங்காயத்தை வதக்கிப் போட்டுக் கிளறினேன். வாயில் வைக்க முடிந்தது. உன் பெரியம்மா வந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டி இருக்கு. இதுக்கு மேல என்னா வேணும் ஒங்களுக்கு?" என்றார். அப்போதே புரிந்தது எனக்கு. நன்றாகச் சமைத்தால், இதுவே போதும் என்பார்கள். மோசமாகச் சமைத்தால் குழந்தை பட்டினி.

குழந்தைக்காக நன்றாகவே சமைத்தேன். உழவு மாடுகளுக்குக் கொள்ளு வேக வைப்பார்கள். கொள்ளு மாட்டுக்குத்தான், தொடக் கூடாது. வடித்த தண்ணீரை நான் எடுத்துக்கொள்வேன். புளியைக் கரைத்து, மிளகாயையும் பூண்டையும் தட்டிப் போட்டால் ரசம். கடலைப் புண்ணாக்கு மாட்டுக்கு வந்தது. அதில் ஒரு துண்டைத் திருடி, நுணுக்கி, முருங்கைக் கீரையோடு வதக்கினால் பொரியல். பருத்திக்கொட்டையை ஊற வைத்து ஆட்டிப் பால் எடுத்து, சோளக் குருணையைப் போட்டுக் காய்ச்சினால் கஞ்சி. புளியங்கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி இடித்து, கேழ்வரகு மாவில் கலப்பேன். மாவு கொஞ்சம் கூடும், பூவாயிக்கு வயிறும் கொஞ்சம் வலிக்கும். மாங்கொட்டைப் பருப்பை நறுக்கித் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைப்பேன், அப்படியும் அந்தக் கசப்பு முழுக்கப் போகாது. நீ கலை என்றாயே, அது இதுதான். மாடு மிச்சம் வைத்ததில் மனுஷி சமைத்தது. அந்த வீட்டில் எங்களைவிட மாட்டுக்குத்தான் மரியாதை, அது ஏர் இழுக்கும்.

ஒரு விடுமுறைக்கு நீ அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உள்கூடத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு, பின்கட்டுக்கு வந்து என் சட்டியை எட்டிப் பார்த்தாய். பூசணித் தோலையும் அதன் விதையையும் வறுத்து அரைத்த துவையல், பக்கத்தில் சோள அடை. "என்னம்மா இது, ஹாஸ்டல்ல இப்படி ஒண்ணு கண்ணாலகூடப் பாத்ததில்ல" என்று நின்றுகொண்டே தின்றாய். மறுபடியும் கேட்டாய், போட்டேன். மறுபடியும் கேட்டாய், அதையும் போட்டேன். அது உன் தங்கையின் ராத்திரிச் சாப்பாடு. அவள் கதவோரம் நின்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாய். அமிர்தம் என்று நீ இப்போது ஊரெல்லாம் சொல்வது அந்த அடையைத்தான் என்று நினைக்கிறேன்.

இனி உன் பெரியப்பாவின் வீரத்தைச் சொல்கிறேன். நீ திருச்சியில் இருந்தபோது நடந்தது. நெல்லைப் பதுக்கியவர்கள் வீட்டைப் பார்க்க ஒரு ஆபீசர் வருகிறார், சோதனை போட்டு எடுத்துவிட்டால் கேஸ், ஜெயில் என்று தகவல் வந்தது. உன் பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். பிறகு அவருக்கே ஒரு தந்திரம் தோன்றியது. நேராக அடுக்களை வாசலுக்கு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து என் அடுக்களை வாசலில் அவர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு மத்தியானம் ஆபீசருக்கு நம்ம வூட்லதான் சாப்பாடு. நீ தெனமும் என்னா ஆக்குறியோ அதையே ஆக்கு. நானும் அவரு பக்கத்துல ஒக்காந்து அதையே சாப்புடறேன். பூவாயியையும் ஒக்கார வையி. இந்த வூட்ல அரிசியே கெடயாதுன்னு அந்தாளு கண்ணால பாக்கணும்" என்றார்.

"சரிங்க மாமா" என்றேன்.

"ரொம்ப ருசியா ஆக்கிப்புடாத. பாத்தா பாவமா இருக்கணும்."

எங்கள் பட்டினியையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார் இந்த மனிதர். போய்வா என்று உன் அப்பாவை மட்டும் காலையிலேயே வயலுக்கு அனுப்பிவிட்டார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவருக்குப் பெயர். உண்மை சொல்லவும் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஆபீசர் வந்தார். நடுவயது, கறுத்த மனிதர், அதிகம் பேசவில்லை. மணியக்காரர் கூட வந்திருந்தார், அவரை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு இவர் மட்டும் உள்ளே வந்தார். மூன்று இலை போட்டேன். ஆபீசருக்கு ஒன்று, உன் பெரியப்பாவுக்கு ஒன்று, எதிரே பூவாயிக்கு ஒன்று. கேழ்வரகுக் களி உருண்டை, பண்ணைக் கீரைக் கடையல், மாட்டுக் கொள்ளுத் தண்ணீர் ரசம். எப்போதும் சமைக்கிற மாதிரியே சமைத்தேன். பாவமாகத் தெரிவதற்காக உப்பைக் குறைக்கவில்லை.

"எங்க நெலமைய நீங்களே பாருங்க சார். ஏரி இருந்து என்னா பிரயோஜனம்? வெளஞ்சதெல்லாம் பூச்சி தின்னுடுச்சு. ஆறு மாசமா அரிசியக் கண்ணால பாக்கல. குடும்பமே இந்தக் களியிலதான் ஓடுது" என்று உன் பெரியப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு பெரிய துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

களியை யாராவது மெல்லுவார்களா தம்பி? விரல் நுனியால் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, கீரையில் தோய்த்து வாயில் போட்டால் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆயுள் முழுக்கக் களி தின்னி, களி தின்னி என்று என்னைச் சொன்னவருக்கு அதை எப்படித் தின்பது என்று தெரியவில்லை. நான் முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இன்றுவரைக்கும் ஒரு பொழுதும் நான் வருத்தப்பட்டதில்லை.

மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். தாடை ஒரு பக்கமாகக் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. விரலை வாய்க்குள் விட்டுப் பல்லிடுக்கிலிருந்து எடுத்தார். எதிரே பூவாயி கிள்ளித் தோய்த்து, கிள்ளித் தோய்த்து, சத்தமில்லாமல் பாதி உருண்டையை முடித்திருந்தாள். ஆபீசரும் அவள் மாதிரியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கோ மழையை நம்பி விதைக்கிற காட்டு ஊர்க்காரர் என்று அவர் கையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு தரம் பூவாயியின் கையைப் பார்த்தார், ஒரு தரம் உன் பெரியப்பாவின் தாடையைப் பார்த்தார்.

"ஏங்க மெல்லுறீங்க?" என்றார்.

"என்னாங்க சார்?"

"களிய ஏன் மெல்லுறீங்கன்னு கேட்டேன். அந்தப் பாப்பாவப் பாருங்க, எப்புடிச் சாப்புடுதுன்னு."

உன் பெரியப்பா வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், "பல்லு வலிங்க சார்" என்றார்.

"பல்லு வலிச்சா மெல்லவே கூடாதுங்களே" என்றார் ஆபீசர்.

ஆபீசர் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, "வாங்களேன், களத்துப் பக்கம் ஒரு நட போயிட்டு வரலாம்" என்றார். கொலைக்களத்துக்குப் போகிறவர் மாதிரி உன் பெரியப்பா பின்னால் போனார். வாயோரம் களி அப்படியே ஒட்டியிருந்தது.

நான் கொல்லைப்புற வேலியோரம் நின்று பார்த்தேன். வைக்கோல்போர் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். ஆபீசர் தன் கைத்தடியை வைக்கோலுக்குள் மெதுவாகச் செருகினார். பாதித் தடி போனதும் நின்றுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் என்ன சந்தோஷம் தெரியுமா? போகட்டும், எல்லா நெல்லும் போகட்டும், அரியலூர்க் கடை வரிசையில் நிற்கிறவர்களாவது அரிசியைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். களி விழுங்கத் தெரிந்தவர் நியாயமானவராகத்தான் இருப்பார் என்று நம்பிய முட்டாள் நான். அவர்கள் அங்கேயே நின்று வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். "வெத்தல பாக்கு எடுத்துட்டு வா" என்று உன் பெரியப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், வைக்கோல் ஏற்றிய வண்டிகள் நம் களத்திலிருந்து அரியலூர் ரோட்டில் போயின. வெறும் வைக்கோலுக்கு வண்டி அச்சு அப்படி முனகாது, உள்ளே போனது ஆபீசரின் பங்கு. கேஸும் இல்லை, சோதனையும் இல்லை. ஊரில் எல்லாரும் பார்த்தார்கள், மணியக்காரரும் பார்த்தார், யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு வெள்ளைக்காரன் ராஜ்யம். இன்றைக்கு அவன் போய்விட்டான், அந்த ஆபீசர் போகவில்லை. எங்கேயோ இதைவிடப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நீயும் ஆபீஸில் சேர்ந்துவிட்டாய், அதனால் சொல்லி வைக்கிறேன்.

வண்டிகள் போன அன்று சாயங்காலம் உன் பெரியப்பா என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். பதினைந்து வருஷமாகக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நானே வெளியே வந்து நின்றேன். உன் அப்பா தூணோரம் இருந்தார். பெரியம்மா ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேணும்னேதான அந்தக் களியக் கெட்டியாக் கிண்டுன? என்ன அந்தாளு முன்னாடி காட்டிக் குடுத்துட்டியே. காட்டுப் புத்தி எங்க போவும்?" என்று கத்தினார்.

"அது தெனமும் ஒங்க தம்பி மவ திங்கிற களிதாங்க மாமா. ஒரு வேள தின்னதுக்கே ஒங்களுக்குத் தாடை வலிக்குது" என்றேன்.

பெரியம்மா, "ஏய், வாய மூடு" என்றார். நான் மூடவில்லை. "எங்க பங்கு நெல்ல அளந்து குடுத்துருங்க. நாளையிலேருந்து நான் தனியா ஒல வெச்சுக்கறேன்."

"குடுக்க முடியாதுன்னா என்னாடி பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன் மாமா. அடுத்த ஆபீசரு வருவாரு, நீங்க மறுபடியும் பாவமா ஆக்கச் சொல்லுவீங்க, நான் இதே களியத்தான் ஆக்குவேன். அவரும் களத்துப் பக்கம் நடந்துட்டு வருவாரு. எத்தன ஆபீசருக்கு வண்டி கட்டுவீங்கன்னு நீங்களே பாத்துக்கங்க."

அவருக்கு அது உடனே புரிந்தது. அவருக்குப் புரிகிற பாஷை அது ஒன்றுதான். என்மேல் பாய முடியாமல் உன் அப்பாமேல் பாய்ந்தார். "ஒம் பொண்டாட்டிய அடக்க மாட்டியாடா? ஆம்பளையா நீ?" உன் அப்பா தரையைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அதட்டப் போகிறார் என்றே நினைத்தேன். தரையைப் பார்த்தபடியே, "அளந்து குடுத்துருங்கண்ணே. பிள்ள மெலிஞ்சு போச்சு" என்றார். அண்ணனிடம் அவர் தானாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. அதற்கு அவருக்குப் பாதி ஆயுள் வேண்டியிருந்தது. பிள்ளை மெலிந்தது அவர் கண்ணுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்காக அவரை மெச்சுவதா, முகத்தில் அறைவதா என்று இன்றைக்கும் நான் முடிவு செய்யவில்லை.

ஆக, உன் கேள்விகளுக்குப் பதில். உன் பெரியப்பா கல்யாணத்துக்கு வரட்டும். தம்பி மகன் கல்யாணம், வராமல் இருந்தால் நன்றாக இருக்காது. எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அவருக்குப் பழக்கமான சோறுதான் போடுவோம், மென்று சாப்பிடலாம். ஆனால் சோறு போட்டவர் என்று சொல்லி அவர் காலில் நீ தண்ணீர் ஊற்றினால், அந்த மண்டபத்தில் நான் இருக்க மாட்டேன். மணவறையில் உன் அப்பா உட்காரட்டும். அவர் அதற்குத் தகுதியா என்று என்னிடம் கேட்காதே, முறை அவருக்கு.

அந்தப் பெண்ணை என்னிடம் அனுப்பாதே. இதில் பழக ஒன்றும் இல்லை. இல்லாததிலிருந்து எந்தப் பெண்ணும் சமைத்ததில்லை. வீட்டில் இருந்தது, பூட்டி வைத்திருந்தார்கள், வெளியே எறிந்ததைப் பொறுக்கிச் சமைத்தோம், அவ்வளவுதான். நிஜமாகவே ஒன்றும் இல்லாமல்போகிற நாள் உனக்கும் வரலாம். வந்தால், இல்லை என்று அவளிடம் சொல், இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே சட்டியில் இருப்பதைத் தின்னுங்கள். நீ வெளியே ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து, அவள் கீரையைக் கிள்ளி எதையோ கிளறி வைத்ததைப் பார்த்து, ஆகா என் பெண்டாட்டிக்கு என்ன கைப்பக்குவம் என்று நாலு பேரிடம் பேசினாய் என்று கேள்விப்பட்டால், நானே ரயிலேறி வந்து உன்னைக் கேட்பேன். சம்பளம் எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். பாத்திரத்தை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேள். உன் அப்பாவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உனக்கு நானும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது, இப்போது சொல்லியாயிற்று.

தனி உலை வைத்த முதல் நாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், அதை நீ யாரிடமும் கேட்டிருக்க மாட்டாய். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சார்ப்பு இறக்கிக் கொடுத்திருந்தார்கள். மூன்று கல்லை வைத்து அடுப்பு. அளந்து கொடுத்த நெல்லை அவித்து, காய வைத்து, நானே குத்திப் புடைத்தேன். குழம்பு வைக்கப் பருப்பும் இல்லை, புளியும் இல்லை. சோறு, உப்பு, உரித்த சின்ன வெங்காயம். உன் அப்பா அண்ணன் வீட்டுப் பந்திக்குப் போகாமல் சார்ப்பு ஓரம் வந்து நின்றார். "எனக்கும் இங்கயே போட்டுரு" என்றார். "தொட்டுக்க ஒண்ணும் இல்ல" என்றேன். "பரவால்ல" என்று உட்கார்ந்தார். முதலில் பிள்ளை சாப்பிடட்டும், இருங்கள் என்றேன். இருந்தார்.

பூவாயி கிணற்றடியிலிருந்து வந்தவள் சார்ப்புக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். சோறு கொதிக்கிற வாசனை அவளுக்குப் புரியவில்லை. பாவாடையை இழுத்துச் சரி செய்துகொண்டாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள், உள்ளே மெதுவாக எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா வந்திருக்காங்க?" என்று என் காதோரம் வந்து கேட்டாள்.

"யாரும் வரலடி. ஒக்காரு."

"அப்ப யாருக்குச் சோறு?"

"ஒனக்குத்தான்."

நம்பவில்லை. உட்கார்ந்தாள், நான் போட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். பாதியில் எழுந்து, எச்சில் கையோடு வெளியே போய்த் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள். யாரும் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான், இலையை என் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.

அம்மா